நக அளவு இரும்பு

"இரும்பு என்னை ஏமாத்திப்போடுச்சுங்க டீச்சர்," என்றார் குழந்தைவேலு.

சாக்குப்பையை மேசைமேல் கவிழ்த்தார். காரின் முன் சக்கரத்தைத் தாங்கும் அச்சு, இரண்டு துண்டாக உருண்டு விழுந்தது.

பூங்கோதை எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியவள் அல்ல. கோயமுத்தூரில் பந்தய வண்டி வைத்திருப்பவர்கள், எது உடைந்தாலும் தூக்கிக்கொண்டு அவள் அறைக்குத்தான் வருவார்கள். ஏன் உடைந்தது என்று சிலருக்குச் சொல்வாள். சிலருக்குச் சொல்லாமல், நீங்களே கண்டுபிடியுங்கள் என்று அனுப்பிவிடுவாள். அப்படித் திரும்பிப் போனவர்கள்தான் அவளை முதலில் டீச்சர் என்று கூப்பிட்டது. குழந்தைவேலு அவளைவிட எவ்வளவோ மூத்தவர், அவரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. சாதாரணக் காரை வாங்கிப் பிரித்துப் போட்டு, எஞ்சினின் வலுவை இரண்டு மடங்காக்கிப் பந்தயத்துக்கு விடுகிறவர். அந்த வலுவைத் தாங்கும் பாகங்களைத் தானே கடைந்து செய்வார். செய்த ஒவ்வொன்றிலும் தன் பெயரின் முதல் எழுத்தை, 'கு' என்று, சுத்தியலால் அடித்துப் பதிப்பார். அதற்கென்றே முனையில் எழுத்து செதுக்கிய ஒரு பஞ்ச் தனியாக வைத்திருந்தார். வண்டியைத் தூக்கி அடியில் பார்க்கிறவன் கண்ணில் முதலில் அதுதான் பட வேண்டும் அவருக்கு. பெற்ற மகளுக்கு மட்டும் அடிக்காமல் விட்டுவிட்டாரே என்று பட்டறைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

அந்த மகள் மதிவதனிதான் வண்டியை ஓட்டுபவள்.

"எப்ப உடைஞ்சுது?" என்றாள் பூங்கோதை.

"அதுதானுங்க அநியாயம். போன பந்தயத்துல பாப்பா அந்த ஓட்டு ஓட்டினா. ஒண்ணும் ஆகலை. ரெண்டாவதா வந்தா. இறங்கிச் சிரிச்சுட்டு நின்னா. அப்புறம் நாங்க வண்டியைக் கையால தள்ளி ஷெட்டுக்குள்ள ஏத்தினோம். வாசப்படியில ஒரு சின்னக் குலுக்கல். சக்கரம் தனியாக் கழண்டு படுத்துக்குச்சு."

"கையால தள்ளும்போதா?"

"கையாலதானுங்க. அந்த வேகத்துக்கெல்லாம் தாங்கினது வாசப்படியில உடையுதுன்னா, கடைக்காரன் மட்டமான இரும்பை என் தலையில கட்டிட்டான்னுதானே அர்த்தம்?"



குழந்தைவேலு காலடியில் வைத்திருந்த இன்னொரு பையிலிருந்து வேறொரு அச்சை எடுத்து வைத்தார். புதுசு. பளபளவென்று இருந்தது.

"இது வேற கடை இரும்புங்க. இன்னும் பருமனா வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை கடைசிப் பந்தயம். மாட்டலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

புது அச்சில் 'கு' முன்னைவிட ஆழமாக இறங்கியிருந்தது.

பூங்கோதை அதைத் தொடவில்லை. உடைந்த துண்டை எடுத்து, மண்ணெண்ணெயில் நனைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் நிதானமாகத் தேய்த்தாள். துணியால் ஒற்றி எடுத்தாள். ஒரு பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தாள்.

"பாருங்ண்ணா."

"என்னத்தைங்க பார்க்கிறது?"

"உடைஞ்ச இடத்தை."

குழந்தைவேலு வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். அப்புறம் நிமிரவே இல்லை.

பட்டென்று உடைந்த இரும்பு கரடுமுரடாக இருக்கும். இது அப்படி இல்லை. கறுத்து, வழுவழுவென்று கிடந்தது. அதன்மேல் மெல்லிய கோடுகள், ஒன்றை அடுத்து ஒன்றாக, குளத்தில் கல் விழுந்தால் விரியும் அலைகளைப் போல.

"இது என்னங்க கோடு?"

"இது ஒரே நாள்ல உடையலைங்ண்ணா. விரிசல் கொஞ்சம் போகும், நிக்கும். அடுத்த தடவை ஓட்டினா இன்னும் கொஞ்சம் போகும். நின்ன இடத்துல ஒரு கோடு."

"அப்ப பாப்பா ஓட்டுறப்பவே..."

"ஆமாங்ண்ணா."

அவர் கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"கோடு எங்க முடியுதுன்னு பாருங்க."

கண்ணாடியை நகர்த்தினார். ஓரத்தில் ஒரே ஒரு இடம் மட்டும் புதிதாக, சொரசொரவென்று, கல் உப்பு மாதிரி மின்னியது. சுண்டுவிரல் நகம் இருக்குமே, அவ்வளவுதான்.

"இது மட்டும் ஏனுங்க வேற மாதிரி?"

"அதுதான் வாசப்படியில உடைஞ்சது."

"அப்ப மீதி?"

"மீதியெல்லாம் முன்னாடியே போயிடுச்சு."

கண்ணாடியைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

மதிவதனி வளைவிலும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காத பெண். கார் சாயும்போது மொத்தப் பாரமும் அந்த ஒரு சக்கரத்தின்மேல்தான் வந்து இறங்கும். கைதட்டிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். அத்தனையும் இந்த நகத்தின் மேல் நின்றிருக்கிறது. பக்கத்தில் துணைக்கு எதுவும் இல்லை. அவள் இறங்கிச் சிரிக்கிற வரைக்கும் நின்றிருக்கிறது. அதற்கப்புறம்தான் விட்டிருக்கிறது.

மீசை முளைத்த நாளிலிருந்து இரும்போடு கிடப்பவர் அவர். வெட்டியிருக்கிறார், கடைந்திருக்கிறார், திட்டியிருக்கிறார். இன்றைக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. எழுந்து செருப்பைக் கழற்றி, காலாலேயே வெளியே தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், இத்துணூண்டுதானேங்க மிஞ்சியிருந்துச்சு. இது எப்படிங்க தாங்குச்சு?"

"உள்ள வரும்போது இரும்பு ஏமாத்திடுச்சுன்னீங்க," என்றாள் பூங்கோதை.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"முடிஞ்ச இடத்தைப் பார்த்தாச்சு. ஆரம்பிச்ச இடத்தைப் பார்க்கலையேங்ண்ணா."

குழந்தைவேலு கோடுகளை நகத்தால் தடவிக்கொண்டே பின்னால் போனார். அலைகள் சின்னதாகிக்கொண்டே வந்தன. எல்லாம் விளிம்பில் ஒரு புள்ளியில் போய்ச் சேர்ந்தன. அந்தப் புள்ளிக்கு வெளிப்பக்கம் என்ன இருக்கிறது என்று துண்டைத் திருப்பிப் பார்த்தார்.

'கு'வின் வால் முடியும் இடம். பஞ்ச் இறங்கிய அந்தப் பள்ளத்தில்தான் விரிசல் பிறந்திருக்கிறது.

உடைந்த துண்டு அவர் மடிக்கு எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

செல்போன் அடித்தது. மதிவதனி.

"அப்பா, டீச்சர் என்னங்ப்பா சொன்னாங்க? புது அச்சை மாட்டிடலாமா?"

அவர் மேசைமேல் பளபளத்துக் கிடந்ததையும், அதில் ஆழமாக இறங்கியிருந்த 'கு'வையும் பார்த்தார்.

"புது அச்சு இன்னும் செய்யலை, கண்ணு," என்றார்.