சூசை அண்ணாச்சியின் முறை

"டீச்சர், எனக்கு மட்டும் ஏன் முறை வர மாட்டேங்கு?"

கேட்டவர் சூசை அண்ணாச்சி. லேத் பட்டறை முதலாளி. மீசை முழுக்க நரைத்தாகிவிட்டது.

டீச்சர் என்பது ஜெசிந்தா. அண்ணாச்சியின் மகளைவிடச் சின்னவள். எந்தக் கம்பி வாத்தியத்தைக் கொடுத்தாலும் வாசிப்பாள். கட்டைகளைத் தட்டிக் கம்பியை மீட்டுகிற புல்புல் தாராவை அவருக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். இப்போது இடுப்பில் பாப்பா, கையில் கஞ்சிக் கிண்ணம்.

"எந்த முறை அண்ணாச்சி?"

"ரேமண்ட் கடையிலதான்."

துறைமுகத்துக்குப் போகிற தெருவில் ரேமண்டின் டீக்கடை. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் பெஞ்சுகளை வட்டமாக இழுத்துப் போட்டுவிடுவார்கள். வயலின், மாண்டலின், கிதார், ஆர்மோனியம், எதைக் கொண்டுவந்தாலும் இடம் உண்டு. மேடை கிடையாது, மைக் கிடையாது. ஒருவர் பாட்டை எடுப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். நடுவே அவர் யாரையாவது பார்த்துத் தலையாட்டினால், அது அந்த ஆளின் முறை. மற்றவர்கள் சத்தத்தைக் குறைத்துக்கொள்ள, அவர் மட்டும் கொஞ்ச நேரம் விளாசலாம். பாட்டை எடுத்தவர் காலைத் தூக்கினால், பாட்டு முடிந்தது.

"வயலின் கிளாராவுக்கு ஆட்டுதாங்க. மவுத் ஆர்கன்காரனுக்கு ஆட்டுதாங்க. நேத்து வந்தவனுக்குக்கூட ஆட்டுதாங்க. நான் என்ன, அங்க வடை திங்கவா போறேன்?"

"வடையும் திங்கிறீங்களே அண்ணாச்சி."

"விளையாடாதீங்க டீச்சர். இந்தச் சனிக்கிழமை எங்க வீட்டுக்காரி சந்தனமேரியும் கூட வாரா. 'ஒரு வருஷமா வீட்டுல தட்டுனதைக் கேட்டேன். அங்கேயும் ஒருத்தரும் கண்டுக்கலைன்னா, அது பரணுக்குப் போயிரும்'னுட்டா."

"சும்மா சொல்லுவாங்க."

"எங்க வீட்டுப் பரண்ல ஏற்கெனவே ஒரு ஆர்மோனியம் கிடக்கு."

ஜெசிந்தா பாப்பாவின் வாயைத் துடைத்தாள்.

"எப்படி வாசிக்கீங்க, காட்டுங்க பாப்போம்."

அண்ணாச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டார். இரும்போடு மல்லுக்கட்டிப் பழகின கை. கம்பிகள் அலறின.

பாப்பாவும் அலறியது.

அதை முதுகில் தட்டிக்கொண்டே ஜெசிந்தா சொன்னாள். "சனிக்கிழமை பாப்பாவை நீங்கதான் மடியில வச்சுக்கிடணும். அது தூங்குத நேரம். முழிச்சிட்டுன்னா, உங்க வாசிப்பு அதோட சரி."

"அந்தச் சந்தைக்கடையில பிள்ளை எப்படித் தூங்கும்?"

"அவங்க சத்தத்துக்கு முழிக்காது. வயித்துக்குள்ள இருந்தே கேட்ட சத்தம். உங்க சத்தத்துக்குத்தான் முழிக்கும்."

"இது என்ன பாடம் டீச்சர்?"

"பாடமா? எனக்குக் கை ஒழியும்லா. நானும் ரெண்டு பாட்டு நிம்மதியா வாசிப்பேன்."



சனிக்கிழமை.

கடையில் கால் வைக்க இடமில்லை. சந்தனமேரி பிஸ்கட் பாட்டில்களுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரேமண்ட் மாண்டலினில் ஒரு தோணிப் பாட்டை எடுத்தார். வட்டம் குதித்துக்கொண்டு கிளம்பியது.

அண்ணாச்சிக்கு முன்னால் ஸ்டூலில் புல்புல் தாரா. மடியில் பாப்பா. வெள்ளை வேட்டியில் எச்சில்.

எப்போதும்போல் கண்ணை மூட வழியில்லை. பாப்பாவின் இமையைப் பார்த்துக்கொண்டே, கம்பியைத் தொட்டும் தொடாமலும் வாசித்தார்.

அப்போது வயலின் கேட்டது.

கிளாரா ஒவ்வொரு அடி முடியும்போதும் வில்லைச் சின்னதாக ஒரு சுண்டு சுண்டினாள். குழந்தைக்குக் கிச்சுகிச்சு காட்டுகிற மாதிரி.

"அட," என்றார் அண்ணாச்சி.

ஆர்மோனியத்தில் ஒரு கட்டை வேலை செய்யவில்லை. பள்ளத்தைத் தாண்டுகிற மாதிரி அந்த மனுஷன் அதைத் தாண்டித் தாண்டிப் போனார். டீ மாஸ்டர் டீ ஆற்றுவதும் அதே தாளத்தில்தான்.

"அடடே."

தூக்கத்திலேயே பாப்பாவின் கால் கட்டைவிரல் ஆடியது. யாருடைய தாளத்துக்கு ஆடுகிறது? அண்ணாச்சி நிமிர்ந்து தேடினார்.

ரேமண்ட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையாட்டினார்.

வட்டம் முழுக்கச் சத்தம் இறங்கியது. சந்தனமேரியின் கட்டியிருந்த கை அவிழ்ந்தது.

அண்ணாச்சி பாப்பாவைப் பார்த்தார். வாசித்தால் அது முழிக்கும். வாசிக்காவிட்டால் பரண்.

வாசித்தார். மெதுவாகத்தான். அடி முடிகிற இடத்தில் கிளாரா சுண்டின மாதிரியே தன் கம்பியிலும் ஒரு சுண்டு வைத்துப் பார்த்தார்.

"ஏ, என்னோடதைத் திருடிட்டாரு!" கிளாரா கத்தினாள்.

கடை சிரித்தது. அண்ணாச்சிக்குக் கை சூடேறியது. இன்னொரு சுண்டு, இன்னும் கொஞ்சம் பலமாக.

பாப்பா கண்ணைத் திறந்தது.

அண்ணாச்சியின் கை அப்படியே நின்றது.

"டீச்சர், முழிச்சிட்டு."

"தெரியுது." ஜெசிந்தா கிதாரை நிறுத்தவில்லை.

பாப்பா எழுந்து உட்கார்ந்தது. கம்பியைப் பார்த்தது. அவரைப் பார்த்தது.

அண்ணாச்சி கையை எடுத்துக்கொண்டார். பாப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார்.

பாப்பா இரண்டு கையாலும் கம்பியில் ஓர் அறை விட்டது.

கடையே கூரை பறக்கக் கத்தியது. சிரிப்பில் மாண்டலின் பிடி வழுக்க, ரேமண்ட் காலைத் தூக்கினார்.

"அதுக்குள்ள ஏன் முடிக்கீங்க?" சந்தனமேரி எழுந்தே நின்றுவிட்டாள். "இன்னொண்ணு எடுங்க. இவரை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லுங்க!"

அண்ணாச்சி வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்வே ரேமண்டு, இதை முதல்லயே செஞ்சிருக்கலாம்லா? ஒரு தலையாட்டுக்கு ஒரு வருஷம் ஏங்க வச்சிட்டீரே."

ரேமண்ட் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"சனிக்கிழமை தவறாம ஆட்டுதேன்வே."