கத்தரி முளைக்காத வீடுகள்

சங்கரபாண்டிக்கு ஐம்பத்திநாலு வயது. அவருடைய டீச்சருக்கு முப்பத்தொன்று. வயதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்குமா? பாளையங்கோட்டையில் ஜெபக்கனி என்றொரு பெண், ஆன்லைனில் கடை நடத்துகிறவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் காசு வாங்காமல் வகுப்பு எடுக்கிறாள் என்று கேள்விப்பட்டார். போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். அவளும் சும்மா வாய்ப்பந்தல் போடுகிறவள் இல்லை. கருப்பட்டி மிட்டாயை வீட்டிலிருந்தே ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருப்பவள்.

சங்கரபாண்டி விற்பது மாடித்தோட்ட விதைகள். வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு ஆரம்பித்த கடை. ஆடி பிறப்பதற்குள் அது சொந்தக் காலில் நிற்காவிட்டால், பெங்களூரில் மச்சான் பார்த்து வைத்திருக்கிற வாட்ச்மேன் வேலைக்குப் போயாக வேண்டும். வாட்ச்மேன் வேலையில் அவருக்கு வெட்கம் ஒன்றுமில்லை. முழங்காலை மடக்க முடியாத மனைவி மரகதத்தைத் தனியாக விட்டுப் போகத்தான் மனசு வரவில்லை.

வைகாசியில் ஒரு நாள், வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு கேட்டார்.

"டீச்சர், கையில காசு இல்ல. கடையை நாலு பேருக்குத் தெரியவைக்க என்ன செய்ய?"

"இதுவரைக்கும் என்ன செஞ்சீங்க, அண்ணாச்சி?"

அண்ணாச்சி மூட்டையை அவிழ்த்தார். தினமும் காலையில் ரோஜாப்பூ படத்தில் 'காலை வணக்கம்' எழுதி, அடியில் கடைப் பெயரும் நம்பரும் போட்டு, நாற்பத்து மூன்று வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்பியிருக்கிறார். பதினேழில் தூக்கிவிட்டார்கள். அதில் ஒன்று, சொந்தச் சித்தப்பா பேரன் காதுகுத்துக்காக ஆரம்பித்த குரூப். பிறகு சொந்தக்காரர்களை நச்சரித்து ஐந்து நட்சத்திரம் போட வைத்திருக்கிறார். அதிலும் ஒரு புண்ணியவான், விதைக்கடை என்று தெரியாமல் 'ருசி பிரமாதம்' என்று எழுதிவிட்டான்.

ஜெபக்கனி சிரிக்கவில்லை. பார்சல் ஒட்டிக்கொண்டே கேட்டாள்.

"இதுவரைக்கும் வாங்கினவங்க எத்தனை பேர்?"

"எழுபது பேர் இருப்பாங்க."

"முளைச்சுதா?"

"யாரும் குறை சொல்லலையே."

"நான் அதைக் கேக்கல."

"வலியப் போய்க் கேட்டா வம்பை விலைக்கு வாங்கின மாதிரி ஆயிடாதா டீச்சர்?"

"எழுபது பேரையும் கூப்பிடுங்க. அந்த ஒரு கேள்விதான். தள்ளுபடி, புதுச் சரக்குன்னு மூச்சு விடக்கூடாது. கேட்டு முடிச்சிட்டு வாங்க."

புது ஆள் பிடிக்க வழி கேட்டால் பழைய ஆளைக் கூப்பிடச் சொல்கிறாளே என்று பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனாலும் கூப்பிட்டார்.

இரண்டு சனிக்கிழமை ஆளையே காணோம். மூன்றாவது வாரம் வந்தபோது மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை.

"வெண்டை, கீரை, அவரை எல்லாம் நல்லா வந்திருக்கு டீச்சர். கத்தரி வாங்கின இருபத்திரண்டு வீட்டுல ஒண்ணுகூட முளைக்கல. சித்திரை பூரா அந்த ஒரு பெட்டியை மட்டும் மாடியில தகரக் கொட்டகையிலயே மறந்துட்டேன். வெக்கையில விதை செத்துப்போச்சு. நானே ஈரத்துணியில சுருட்டி வச்சுப் பார்த்துட்டேன். பத்து நாளாச்சு, ஒரு முளை இல்ல."

"அவங்க ஏன் உங்ககிட்டச் சொல்லல?"

"அதைத்தான் தாங்க முடியல. முக்காவாசிப் பேர் அவங்கவங்க கைராசி சரியில்லைன்னு நெனைச்சிருக்காங்க. சங்கரன்கோயில் பக்கம் செண்பகம்னு ஒரு பொண்ணு. கல்யாணமாகி ஆறு வருஷம், புள்ளை இல்ல. 'உங்க விதை நல்ல விதைதான் அண்ணாச்சி, என் கைதான் ராசியில்லாத கை'ன்னு என்கிட்டயே மன்னிப்புக் கேக்குது. பின்னால மாமியார் குரல் கேட்டுச்சு. 'இவ தொட்டு எதுதான் முளைச்சிருக்கு'ன்னு."

ஜெபக்கனி பார்சல் ஒட்டுவதை நிறுத்தினாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அப்ப எனக்கே விஷயம் தெரியாது. சரிம்மான்னு வச்சிட்டேன்."

"இப்பத் தெரியும்ல?"

"செத்த விதையை வித்தேன்னு நானே சொன்னா கடை அவ்வளவுதான் டீச்சர். ஆடிக்கு இன்னும் நாலு வாரந்தான் இருக்கு."

"உங்க காலை வணக்கம் பலிச்சிருந்தா, இந்நேரம் இன்னும் எத்தனை வீட்டுல இந்தச் செத்த விதையைப் போட்டுட்டு அவங்க கையையே நொந்துக்கிட்டிருப்பாங்க, அண்ணாச்சி?"

அவர் அன்று இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் ஏறினார்.

மறுநாள் காலையில் முதல் போன் செண்பகத்துக்கு. "போனை உங்க அத்தைகிட்டக் குடும்மா" என்றார். "தாயி, விதையை வெக்கையில போட்டுக் கொன்னது நான். உங்க மருமக கையில ஒரு குறையும் இல்ல." "இதை நீங்களாவே கூப்பிட்டுச் சொல்லுதீகளா?" என்று மட்டும் அந்த அம்மா கேட்டாள்.

இருபத்திரண்டு வீட்டுக்கும் நல்ல விதை போயிற்று. ஒவ்வொரு பொட்டலத்திலும் மரகதம் தன் கையால் எழுதிய சீட்டு: 'தப்பு எங்களுடையது. உங்கள் கையில் குறையில்லை.'

விதைத்த எட்டாம் நாள் செண்பகம் ஒரு படம் அனுப்பினாள். தொட்டி நிறையக் கத்தரி முளைத்திருந்தது. அதைப் பார்த்து மரகதம் அழுதேவிட்டாள்.

அடுத்த வாரம் செண்பகத்தின் தெருவிலிருந்து மட்டும் ஒன்பது ஆர்டர். எல்லோரும் ஒரே கதையைச் சொன்னார்கள். செண்பகத்தின் மாமியார் ரேஷன் கடை வரிசையில் நின்று, 'விதைக்காரர் தானா போன் போட்டுத் தப்பு எம்மேலன்னு சொன்னாரு' என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். மற்ற வீடுகளிலிருந்தும் அவர்களுக்குத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள்.

ஆனி கடைசியில் சங்கரபாண்டி வகுப்புக்கு வந்தார். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தார்.

"ஆர்டர் வருது டீச்சர். ஆனா பெங்களூருக்கு வரலன்னு மச்சான்கிட்டத் தெம்பாச் சொல்ற அளவுக்கு இல்ல. ஆடிக்கு ஒரு வாரந்தான். அதான் ஒரு யோசனை. செண்பகம் அந்தத் தொட்டிக்குப் பக்கத்துல நின்னு, ஊர் பேசினதையும் இப்ப முளைச்சதையும் ரெண்டு நிமிஷம் பேசட்டும். வீடியோ எடுத்துப் போட்டா பிச்சுக்கிட்டுப் போகும். காசு செலவும் இல்ல."

"அந்தப் பொண்ணு சம்மதிக்குமா?"

"நான் கேட்டா மாட்டேன்னு சொல்லாது."

"மாமியாரை ரேஷன் கடையில பேசச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. அவங்களாத்தான் பேசினாங்க."

ஜெபக்கனி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"அந்தப் பொண்ணு கையை இப்பத்தான் அதுகிட்டத் திருப்பிக் குடுத்திருக்கீங்க, அண்ணாச்சி. அதுக்குள்ள வாடகைக்குக் கேக்காதீங்க."