ராசியில்லாத நீலம்

முன்னொரு காலம் என்று இழுக்க வேண்டாம். போன மழைக்கு முன்னால் நடந்தது இது. ஒரு வீட்டின் கூடத்துச் சுவருக்கு ஆழ்ந்த நீலம் அடித்தார்கள். ஏதோ பத்திரிகையில் படம் பார்த்துவிட்டு, அந்த வீட்டுப் பூங்கோதைதான் அடம்பிடித்து வாங்கினாள். அவள் கணவன் தணிகாசலத்துக்கு அதில் இஷ்டமே இல்லை.

நீலத்துக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவர்கள் எல்லாம் வாசலிலேயே நின்று "அட!" என்றார்கள். அதன் முன்னால் பழைய பித்தளைக் குத்துவிளக்குகூட நேற்று வாங்கியதுபோல மின்னியது. காலம் பூராவும் இங்கேயே இருந்துவிடலாம் என்று நீலம் கணக்குப் போட்டுவைத்தது.

ஒருநாள் சுவர் முனகியது. "நீலமே, எனக்கு உடம்பு சரியில்லை."

"என்ன செய்கிறது?"

"பின்பக்கம் குளியலறைக் குழாய் கசிகிறது. வருஷக்கணக்காக ஊறிக்கிடக்கிறேன். மேல்பூச்சு எப்போது விழும் என்று தெரியவில்லை. கீழே சோபாவில் பூங்கோதைதான் உட்காருகிறாள். அவள் தலையில் விழுந்தால் நான் என்ன செய்வேன்?"

"எனக்கு முன்னால் இருந்த சந்தன நிறத்திடம் சொல்லவில்லையா?"

அடியில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய சந்தன நிறம் முந்திக்கொண்டது. "சொல்லாமல் என்ன? என்மேல் உப்புப் பூத்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? நான் கண்டுகொள்ளவில்லை. கடைசிவரை எனக்கு நல்ல பெயர்தான். உனக்கு ஏன் இந்த வம்பு?"

ஆனால் நீலத்தின் மேல் எல்லாம் தெரிந்தது. இரண்டு இடத்தில் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்தது. பூங்கோதை துணியால் துடைத்தாள். மறுபடியும் பூத்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல, இந்தக் கலரு நமக்கு ராசியில்லன்னு," என்றான் தணிகாசலம். "மேலயே பழைய கலர அடிச்சு விட்டுரலாம்."

"என்னங்க, ஆசையா அடிச்சது!" என்றாள் பூங்கோதை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

நீலம் அன்று முழுக்க அதையேதான் யோசித்தது. மேலே சந்தனம் ஏறினால் உப்பு மறைந்துவிடும். நீலமும் அடியில் பத்திரமாக இருந்துகொள்ளலாம். சுவர்தான் பிழைக்காது.

"என்னைக் கைவிட்டுவிடாதே," என்று கெஞ்சியது சுவர்.

பெயிண்டர் வந்தார். சந்தன நிற டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, சுவரை ஒப்புக்குத் தேய்க்கத் தொடங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் ஒரு நிறத்தின் பிழைப்பே. நீலத்துக்குப் பயமாகத்தான் இருந்தது. இருந்தும் பிடியை விட்டது. அடியிலிருந்த சந்தனத்தையும் ஊறிப்போன பூச்சையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, பாளமாகத் தரையில் விழுந்தது.

பூங்கோதை ஓடிவந்து அந்தக் குழியில் கைவைத்தாள். "ஐயையோ, தண்ணிங்க! உள்ள பூரா தண்ணி!"

குழாயை மாற்றினார்கள். சுவரைக் கொத்திப் பூசிக் காயவிட்டார்கள். நீலம் மண்ணோடு மண்ணாகச் சாக்கில் கட்டப்பட்டு வெளியே போனது. சுவருக்குப் புதிதாகச் சந்தன நிறம் அடித்தார்கள்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி வந்து, "அந்த நீலம் எவ்ளோ அழகா இருந்துச்சு, ஏன்க்கா மாத்திட்டீங்க?" என்று கேட்டாள்.

"அத ஏன் கேக்குற," என்றாள் பூங்கோதை. "கல்லு மாதிரி இருந்த சுவரு. அந்த நீலம் வந்த நேரம், குழாயே ஓட்டையாயிருச்சு."

சுவர் அவள் முதுகுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தது. நடந்தது அத்தனையும் அதற்குத் தெரியும். ஆனால் அதற்குத்தான் இப்போது உடம்பு தேறிவிட்டதே, வாயைத் திறக்கவில்லை.