மாசாணத்துக்கு ஆக்குன சோறு

மலையும் இருந்துச்சு, ஆறும் இருந்துச்சு, ஆனா அதுக்கெல்லாம் இப்ப இருக்குற பேரு அப்ப கெடையாது. அவ்வளவு பழைய காலம். அந்தக் காலத்துல அருள்வளவன்னு ஒரு ராஜா இருந்தான். நல்லவன்தான். ஒரே ஒரு கோளாறு, கெட்ட சேதி அவன் காதுக்கு ஆகாது.

பட்டம் கட்டுன அன்னிக்கே அது ஆரம்பிச்சுது. தலையில கிரீடம் ஏறுற நேரம் பாத்து லாயக்காரன் ஓடி வந்து, பட்டத்துக் குதிரை செத்துப்போச்சுன்னு சொல்லிட்டான். உண்மையைத்தான் சொன்னான். ராஜாவுக்கு அன்னிக்கு விருந்து எறங்கல. மறுநாளே சட்டம் போட்டான். அரண்மனைக்குள்ள இனிமே மூணு வார்த்தையை யாரும் சொல்லக்கூடாது. செத்தது, இடிஞ்சது, இல்ல.

உடனே நீங்க கேப்பீங்க, நம்ம வீட்டுலயும் அப்படித்தானேன்னு. விளக்கை அணைன்னு சொல்றதில்ல, குளிர வைன்னு சொல்றோம். போறேன்னு சொல்றதில்ல, போயிட்டு வரேன்னு சொல்றோம். அரிசி தீந்துபோச்சுன்னு சொல்றதில்ல, நெறைஞ்சிருக்குன்னு சொல்றோம். சொல்லிக்கங்க, யாரு வேண்டாம்னா? விளக்கு அணைஞ்சது கண்ணுக்குத் தெரியுது. பானை காலின்னு கைக்குத் தெரியுது. அங்க யாரும் யாரையும் ஏமாத்தல. ஆனா கண்ணுக்கு எட்டாத எடத்துல நடந்ததுக்கு இப்படிப் பேரு வெச்சா என்ன ஆகும்? அதுதான் கதை.

சட்டம் போட்டாச்சு, அதை நடத்த ஒரு ஆளு வேணுமே. அதுக்குன்னே ஒரு மந்திரியை வெச்சான் ராஜா. மங்கல மந்திரின்னு பேரு. கெட்ட சேதி எது வந்தாலும் மொதல்ல அவருகிட்ட போகணும். அவரு அதைக் குளிப்பாட்டி, சந்தனம் பூசி, பட்டு உடுத்தி ராஜா முன்னாடி கொண்டாந்து நிறுத்துவாரு.

மழை பெய்யல. மேகம் ஆலோசனையில இருக்குன்னு சொன்னாரு. களஞ்சியம் காலியாச்சு. களஞ்சியம் காத்தோட்டமா இருக்குன்னு சொன்னாரு. பாலம் ஆத்துல விழுந்துச்சு. பாலம் ஆத்தைத் தழுவிக்கிச்சுன்னு சொன்னாரு. ராஜா ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டுனான். நெசமாவே அவனுக்கு ஒண்ணும் தெரியாதான்னா, தெரியாம இருக்கறதுக்குத்தானே அந்த மந்திரிக்குச் சம்பளம்.

இப்படி இருக்கும்போது ராஜாவுக்கு ஒரு ஆசை வந்துச்சு. அரண்மனைக்குப் பின்னாடி ஒரு அல்லிக்குளம் வேணும், அதுக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஓடுற ஆத்துத் தண்ணி வேணும். மலையைக் குடைஞ்சு வழி பண்ணுங்கன்னுட்டான். மலையடிவாரத்துல உச்சிப்பாறைன்னு ஒரு ஊரு. வீட்டுக்கு ஒரு ஆம்பளை உளியும் சம்மட்டியும் எடுத்துக்கிட்டு வரணும்னு உத்தரவு. சடைச்சிங்கற பொம்பளையோட புருஷன் மாசாணமும் போனான். நாத்து நடுறதுக்குள்ள வந்துடுவேன்னு சொல்லிட்டுப் போனான்.

நாத்து நட்டாச்சு, களை எடுத்தாச்சு, கதிரும் வந்தாச்சு. மாசாணம் வரல. தமுக்குக்காரன்தான் வந்தான். ஊரு நடுவுல நின்னு தமுக்கை அடிச்சு, ஓலையை விரிச்சு வாசிச்சான்.

"குடைவுப் பணி ஏற்ற உச்சிப்பாறையார் அனைவரும் மலையரசன் மடியில் நிலைபெற்றனர். எஞ்சிய ஆடவரும் வளர்பிறையில் வந்து அப்பேற்றைப் பெறுவாராக!"

கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஊருல ஆளுக்கு ஒரு அர்த்தம் சொன்னாங்க. மலை மேலயே வீடும் நெலமும் குடுத்துட்டாங்கன்னு ஒருத்தன் சொன்னான். காவல் உத்தியோகம் போட்டுக் குடுத்திருக்காங்கன்னு இன்னொருத்தன் சொன்னான். சடைச்சியோட மாமியாருக்குச் சந்தோஷம் தாங்கல, மகனுக்கு யோகம் அடிச்சிருக்குன்னு வெல்லம் போட்டுப் பொங்கி ஊருக்கே குடுத்துச்சு. மிச்சம் இருந்த ஆம்பளைங்க உளியைத் தீட்ட ஆரம்பிச்சாங்க.

சடைச்சி மட்டும் பொங்கலைத் தொடல. பூ வெச்சுக்கவும் மனசு வரல, எடுத்துப் போடவும் மனசு வரல. புருஷன் இருக்கானா, இல்லையா? அவளுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். விஷயம் தெரிஞ்சவங்களைத் தேடிப் போனா.

மொதல்ல தமுக்குக்காரனை மறிச்சா. அவன், "எனக்குக் குடுத்ததை நான் வாசிச்சேன் தாயி, அதுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்குறது என் வேலை இல்ல"ன்னு சொல்லிட்டு அடுத்த ஊருக்கு நடையைக் கட்டிட்டான்.

ரெண்டாவது, அரண்மனை வாசல்ல இருந்த அதிகாரியைப் பாத்தா. எங்க வீட்டுக்காரரு எப்ப வருவாருன்னு கேட்டா. வரவு என்பது காலத்தின் கையில் உள்ளதுன்னாரு. எங்க இருக்காருன்னு கேட்டா. இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறார்னாரு. உசுரோட இருக்காரான்னு கேட்டா. இந்த வாசல்ல அந்த மாதிரிக் கேள்வி கேக்கக்கூடாதும்மா, உள்ள போயி மந்திரியைப் பாருன்னுட்டாரு.

மூணாவது, மங்கல மந்திரி. அவரு நல்லவிதமாத்தான் பேசினாரு. உக்காரச் சொன்னாரு, மோரு குடுக்கச் சொன்னாரு. அப்புறம் பேச ஆரம்பிச்சாரு, வெயில் சாயுற வரைக்கும் பேசினாரு. மலையோட பெருமை, ராஜாவோட கருணை, மாசாணத்தோட பாக்கியம். உன் கணவருக்கு இனி ஒரு குறையும் கிடையாதுன்னு முடிச்சாரு. சடைச்சிக்கு ஒரு வார்த்தை மிச்சமில்லாம காதுல விழுந்துச்சு. வெளிய வந்து பாத்தா கையில ஒண்ணும் இல்ல.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? பெரிய மனுஷங்க பேச்சு, நமக்குத்தான் புரியலைன்னு வீட்டுக்குத் திரும்பியிருப்பீங்க. பொய் சொல்லாதீங்க, திரும்பியிருப்பீங்க. சடைச்சி திரும்பல. இனிமே இவங்க வாயை நம்பிப் பிரயோஜனம் இல்லைங்கற முடிவுக்கு வந்தா.

சத்திரத்துல தங்குனா. காலையில குளிச்சு, புதுப் பானையில பச்சரிசிச் சோறு ஆக்குனா. மாசாணத்துக்குப் புடிச்ச பூசணிக்காய்ப் புளிக்குழம்பை அது மேல ஊத்துனா. பானையைத் தலையில வெச்சுக்கிட்டு நேரா ராஜசபைக்குப் போனா. ராஜாவுக்குக் காணிக்கைன்னு நெனச்சுக் காவக்காரனுங்க உள்ள விட்டுட்டானுங்க.

சபை நடுவுல பானையை எறக்கி வெச்சா. கும்பிட்டா. அப்புறம் சொன்னா:

"மகாராசா, இது எங்க வீட்டுக்காரருக்கு ஆக்குன சோறு. அவரு உசுரோட இருந்தா இது வெறும் சோறு, யாரு வேணா அள்ளித் திங்கலாம். செத்துட்டாருன்னா இது அவருக்கு மொதப் படையல், காக்கா தொடாம மனுஷன் தொடக்கூடாது. எதுன்னு எனக்குத் தெரியல. இங்க இருக்குறவங்களுக்குத் தெரியும். யாரும் வாயைத் தொறந்து பதில் சொல்ல வேண்டாம். அவரு இருக்காருன்னா ஒரு வாய் சாப்பிடுங்க, நான் பேசாம ஊருக்குப் போயிடறேன்."

செத்துட்டாருங்கற வார்த்தை அந்தச் சபையில விழுந்து பல வருஷம் ஆச்சு. காவக்காரனுங்க அவளைப் புடிக்க வந்தானுங்க. ராஜா கையைக் காட்டி நிறுத்திட்டான். சாதாரணச் சோறுதானே, சாப்பிட்டு அனுப்பி வைங்கன்னான்.

சடைச்சி பானையைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொருத்தர் முன்னாடியும் போயி நின்னா.

மொதல்ல வாசல் அதிகாரி. அவருக்கு வயித்துல பித்தமாம். அடுத்தது குடைவு வேலைக்குத் தலைவரு, அந்த மலைக்குள்ள இருந்து தப்பிச்சு வந்த ஆளு. அவரு சோத்தைப் பாத்தாரு, ரெண்டு அடி பின்னாடி போயி தூணோட ஒட்டிக்கிட்டாரு. மூணாவது மங்கல மந்திரி. அவருக்கு அன்னிக்கு விரதம். காலையில அவரு தின்ன இட்டிலியோட மொளகாப்பொடி மீசையில இருந்துச்சு.

"என்னய்யா, ஒரு வாய் சோத்துக்கு இவ்வளவு பிகு பண்றீங்க?"ன்னு ராஜா சிரிச்சான். அவனே எறங்கி வந்தான். மோதிரத்தைக் கழட்டி வெச்சுட்டு, பானைக்குள்ள கையை விட்டு ஒரு பிடி எடுத்தான். வாய்கிட்ட கொண்டு போனான்.

மங்கல மந்திரி பாஞ்சு வந்து ராஜாவோட மணிக்கட்டைப் புடிச்சாரு.

"வேண்டாம் மகாராஜா, அது செத்தவன் சோறு."

அந்த மந்திரி அத்தனை வருஷத்துல பேசுன பேச்சுலயே கேட்டவங்க எல்லாருக்கும் புரிஞ்சது அது ஒண்ணுதான். சின்ன வாக்கியம். உச்சிப்பாறை ஆம்பளைங்களுக்காக அது அவரு வாயில வரல. ஊரு பொங்கல் வெச்சுக் கொண்டாடுனப்போ வரல. ராஜா வாய்க்குப் பக்கத்துல சோறு போனதும் தானா வந்துடுச்சு. தெளிவாப் பேச அவருக்கும் தெரிஞ்சுதான் இருந்திருக்கு.

ராஜா கையில இருந்த சோத்தைத் திரும்பப் பானையிலயே போட்டான். மத்தவங்க என்ன ஆனாங்கன்னு கேட்டான். மலை இடிஞ்சு எல்லாரும் செத்துட்டாங்கன்னாரு மந்திரி. ஒரு தடவை சொல்லிட்டா ரெண்டாவது தடவை சொல்றது அவ்வளவு கஷ்டம் இல்ல போல.

சடைச்சி யாரையும் திட்டல. பானையை எடுத்துக்கிட்டு வெளிய போனா. அரண்மனை மதில் மேல சோத்தை வெச்சுக் காக்காயைக் கூப்பிட்டா. மொத தடவை குரல் வரல. ரெண்டாவது தடவையும் வரல. மூணாவது தடவை வந்துச்சு. காக்கா வந்து தின்னு முடிக்கிற வரைக்கும் அங்கயே நின்னா. அதுக்கப்புறம்தான் தரையில உக்காந்து அழுதா. அத்தனை மாசம் அழக்கூட விடாம வெச்சிருந்தாங்களே, அதுக்கும் சேத்து அழுதா.

ராஜா திருந்தினானான்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது. இதுக்கு மேல தெரிஞ்சது இவ்வளவுதான். வளர்பிறையில உச்சிப்பாறையில இருந்து ஒரு ஆம்பளைகூட மலைக்குப் போகல. அவங்களுக்குப் பதிலா பொம்பளைங்க வந்தாங்க. ஆளுக்கு ஒரு பானைச் சோறு. சபை வாசல்ல வரிசையா எறக்கி வெச்சாங்க. ஒவ்வொரு பானை முன்னாடியும் மங்கல மந்திரி நின்னு, செத்தவன் பேரைச் சொல்லி, செத்துட்டான்னு சொல்ல வேண்டியிருந்துச்சு. அவரு சொல்லி முடிச்சதும் அந்தப் பொம்பளை பானையைத் தூக்கிக்கிட்டு மதிலுக்குப் போவா. அடுத்தவ முன்னாடி வருவா.

இதுல இருந்து தெரியுற நீதி: ஒருத்தன் சொல்றது உங்களுக்குப் புரியாத மாதிரியே இருந்தா, உங்க அறிவைச் சந்தேகப்படாம, அவன் எதை மறைக்கிறான்னு கேளுங்க.