செவலையைச் சாய்த்த அடி

காட்டுக்குள் ஒரு குட்டை இருந்தது. அந்தக் கோடையில் ஓடை வற்றி மணலாகிவிட்டது. சுனைகளும் காய்ந்துவிட்டன. குட்டையில் மட்டும்தான் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது.

அதன் கரையில் கிழிகாதன் என்ற கரடி காவல் இருந்தான். பழைய சண்டை ஒன்றில் அவன் காது கிழிந்து தொங்கியது. மான்கள் குடிக்க வந்தால் பேசாமல் இருப்பான். பன்றிகள் வந்தாலும் கண்டுகொள்ள மாட்டான். ஆனால் வேறொரு கரடி வந்தால் எழுந்து பின்னங்கால்களில் நிற்பான். அதைப் பார்த்ததுமே வந்த கரடி திரும்பிப் போய்விடும்.

அதே காட்டில் அண்ணன் தம்பியாக இரண்டு கரடிகள் இருந்தார்கள். அண்ணன் சடையன். தம்பி செவலை. தாய் செத்த பிறகு இருவரும் பிரிந்ததே இல்லை. ஒரே புற்றில் கறையான் உறிஞ்சுவார்கள். ஒரே பாறையின் அடியில் தூங்குவார்கள். தேனடை கிடைத்தால் செவலை பெரிய துண்டை அண்ணனிடம் தள்ளிவிடுவான்.

"எனக்குப் பல் கூசுகிறது, நீ தின்னு" என்பான். அது பொய் என்று சடையனுக்குத் தெரியும். தெரிந்தேதான் தின்பான்.

தண்ணீருக்காக இருவரும் ஓடை மணலைத் தோண்டினார்கள். முதலில் ஊற்று வந்தது. பிறகு ஈரம் மட்டும் வந்தது. கடைசியில் அதுவும் நின்றுபோனது. செவலையின் நாக்கு வெடித்து ரத்தம் கசிந்தது.

"நான் போய்க் கிழிகாதனை விரட்டுகிறேன்" என்றான் சடையன்.

"வேண்டாம் அண்ணா. மழை வந்துவிடும்."

"அது வருவதற்குள் நாம் போய்ச் சேர்ந்துவிடுவோம்."

சடையன் குட்டைக்குப் போனான். கையை ஓங்கிக் கிழிகாதனின் முகத்தில் அறைந்தான். கிழிகாதன் அசையக்கூட இல்லை. திருப்பி ஒரே ஒரு தள்ளு தள்ளினான். சடையன் முள்ளுக்குள் போய் விழுந்தான்.

முள்ளைப் பிடுங்கிக்கொண்டு அவன் திரும்பும்போது வழியில் ஒரு நரி நின்றது.

"கரடியண்ணே, நான் சண்டை போட்டதே இல்லை. ஆனால் புதருக்குள் இருந்து நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் கையால் அடித்தீர்கள். அதுதான் தப்பு."

"கையால் அடிக்காமல் வேறு எதால் அடிப்பது?"

"காலால் அடியுங்கள். பின்னங்காலை ஊன்றித் தரையை உதையுங்கள். அந்த உதை இடுப்புக்கு ஏறட்டும். இடுப்பு திரும்பினால் தோள் திரும்பும். கை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வர வேண்டும். அதுவரை தளர்வாக இருக்கட்டும்."

"உனக்கு இதில் என்ன லாபம்?"

"குட்டை ஓரத்தில் நண்டு இருக்கிறது. கிழிகாதனுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. அந்த இடம் உங்கள் கைக்கு வந்தால் என்னை விடுவீர்கள் அல்லவா?"

நரி எதையும் மறைக்கவில்லை என்று சடையனுக்குத் தோன்றியது. அன்றே பழக ஆரம்பித்தான். பட்டுப்போன ஓர் இலுப்பை மரத்தை அடித்து அடித்துப் பழகினான். தாகத்துக்கு இருவரும் கிழங்குகளைத் தோண்டிச் சப்பிக்கொண்டார்கள். செவலையும் எதிரே வந்து நின்று தோளைக் காட்டுவான்.

"அடி அண்ணா, பயப்படாதே. எனக்கு வலிக்காது."

அடி விழுந்ததும் செவலை உருண்டுபோவான். உடம்பை உதறிக்கொண்டு எழுந்து சிரிப்பான். சடையனின் அடி கனத்துக்கொண்டே போனது. ஒருநாள் இலுப்பை மரம் நடுவில் பிளந்தது. செவலைக்குத்தான் அதில் அதிக சந்தோஷம்.

சடையன் மறுபடியும் குட்டைக்குப் போனான். இந்த முறை காலை ஊன்றினான். இடுப்பைத் திருப்பினான். அடி கிழிகாதனின் தலையில் முழுசாக விழுந்தது. ஆனால் அது வருவதைக் கிழிகாதன் பார்த்துவிட்டான். மோவாயை மார்போடு ஒட்டவைத்து, கழுத்தை இறுக்கிக்கொண்டான். கொஞ்சம் பின்னால் தள்ளாடினான், அவ்வளவுதான். பிறகு பாய்ந்து சடையனின் தோளைக் கிழித்தான்.

சடையன் ரத்தம் ஒழுக நரியிடம் வந்தான். "மரமே பிளந்ததே, அவன் ஏன் விழவில்லை?"

"பார்த்துவிட்டான் அண்ணே. பார்த்தவன் கழுத்தை இறுக்கிக்கொள்வான். அப்புறம் எவ்வளவு பெரிய அடியையும் தாங்குவான். பார்க்காத அடிதான் ஆளைச் சாய்க்கும். அப்போது கழுத்து தளர்ந்திருக்கும். தாடையின் ஓரத்தில் பட்டால் தலை சட்டென்று திரும்பும். உள்ளே மூளை குலுங்கும். கால் அப்படியே மடியும்."

"நிஜமாகவா?"

"நான் பார்த்ததைச் சொன்னேன். செய்து பார்ப்பது உங்கள் பாடு."

சடையனுக்கு அன்று தூக்கம் வரவில்லை. நரியின் பேச்சு வண்டு மாதிரி அவனைக் குடைந்தது. பார்க்காத அடி. தளர்ந்த கழுத்து. கிழிகாதன் ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்காதவன். அவனிடம் இதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

காலையில் செவலை அண்ணனின் தோள் காயத்தை நக்கிக்கொடுத்தான். வெடித்த நாக்கால்தான் நக்கினான்.

"இனிமேல் அவனிடம் போகாதே. நாம் வேறு காட்டுக்குப் போய்விடலாம்" என்றான். பிறகு மூக்கைத் தூக்கினான். "இரு, அந்தப் பக்கம் தேன் மணக்கிறது."

அவன் முகத்தைத் திருப்பினான். அவன் கழுத்து தளர்ந்திருந்தது. அதைச் சடையன் பார்த்தான்.

மெதுவாகத்தான் அடிக்க நினைத்தான். நரி சொன்னது மெய்யா என்று பார்த்தால் போதும் என்றுதான் நினைத்தான். ஆனால் கால் தானாக ஊன்றியது. இடுப்பு தானாகத் திரும்பியது. பழகிய கை பழகியபடியே போனது.

செவலை சத்தம் போடவில்லை. கால்கள் மடிந்து, நின்ற இடத்திலேயே விழுந்தான்.

"செவலை" என்றான் சடையன். "எழுந்திரு. விளையாட்டுக்குத்தான் அடித்தேன்."

வெயில் ஏறியது. ஈக்கள் வந்தன. சடையன் அவற்றை விரட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். உச்சிவேளையில் செவலை கண்ணைத் திறந்தான். அந்தக் கண் சடையனைத் தாண்டி எதையோ பார்த்தது.

"அம்மா எங்கே?" என்று கேட்டான்.

அதற்குப் பிறகு செவலை பழைய செவலையாக இல்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தான். கிளம்பிய இடத்துக்கே சுற்றிச் சுற்றி வந்தான். புற்றின் முன் நின்றாலும் அது எதற்கு என்று தெரியவில்லை. சடையன் யார் என்றும் அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் சடையன் கையைத் தூக்கினால் மட்டும் தலை குனிந்து நடுங்கினான்.

சடையன் ஓடிப்போய் நரியைப் பிடித்தான். "இவனை எப்படிச் சரிசெய்வது? சொல்."

"சாய்ப்பது எப்படி என்று பார்த்திருக்கிறேன் அண்ணே. சரிசெய்ததை எங்கேயும் பார்த்ததில்லை" என்றது நரி. சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தது. அதன் கண் சடையனின் கையை விட்டு அகலவே இல்லை. புதர் வந்ததும் ஓடி மறைந்தது.

செவலைக்குத் தாகம். கேட்கத் தெரியவில்லை, காய்ந்த மணலை நக்கினான். சடையன் அவனைத் தோளால் தள்ளித் தள்ளிக் குட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனான். கிழிகாதன் எழுந்து நின்றான்.

"நான் சண்டைக்கு வரவில்லை. இவன் மட்டும் குடிக்கட்டும்" என்றான் சடையன்.

கிழிகாதன் செவலையை மேலும் கீழும் பார்த்தான். சாய்ந்த தலையைப் பார்த்தான். "யார் அடித்தது?"

"நான்தான்."

"சண்டையா?"

"இல்லை. அவன் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்."

கிழிகாதன் முன்னங்கால்களைத் தரையில் இறக்கினான். பிறகு கரையை விட்டு ஒதுங்கினான். "அவன் குடிக்கட்டும். நீ அவன் பக்கத்தில் நிற்காதே. மேட்டுக்குப் போ."

சடையன் மேட்டுக்குப் போனான். செவலை குட்டையில் முகத்தை வைத்தான். பாதித் தண்ணீர் வாயின் ஓரமாக வழிந்தது. மீண்டும் மீண்டும் குடித்தான்.

சடையன் மேட்டிலிருந்து கேட்டான். "முன்பே இப்படிக் கேட்டிருந்தால் விட்டிருப்பாயா?"

"தெரியாது" என்றான் கிழிகாதன். "யாரும் கேட்டதில்லை."

அதன் பிறகு தினமும் செவலை குடித்தான். சடையன் மேட்டில் நின்றான். ஆனால் செவலை எதையும் தின்னவில்லை. சடையன் தேனடை கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால், வைத்தவன் தூரமாகப் போகும்வரை சுருண்டு கிடப்பான். போன பிறகு அதை மறந்துவிடுவான். எலும்பு தெரிய மெலிந்தான். ஒரு நாள் காலையில் குட்டைக்குப் போகும் வழியில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே மூச்சு நின்றது.

மழை வந்தது. ஓடை நிரம்பியது, பாறைக் குழிகள்கூட நிரம்பின. காட்டில் யாரும் தண்ணீருக்காக யாரோடும் மல்லுக்கு நிற்கத் தேவையில்லாமல் போனது. கிழிகாதன் காவலை விட்டு மலைமேல் ஏறிப் போய்விட்டான்.

குட்டையில் மான்களும் பன்றிகளும் கூட்டமாகக் குடித்தன. சடையன் வந்தால் மட்டும் எல்லோரும் தலையைத் தூக்கி அவன் கையையே பார்த்தார்கள். அவன் குடித்து முடிக்கும்வரை யாரும் தண்ணீரில் வாய் வைக்கவில்லை, யாரும் அவனுக்கு முதுகு காட்டவும் இல்லை.

எதிரியைச் சாய்க்கவே என்று நாம் தேடிக்கொள்ளும் பலம், நம்மை நம்பி முகத்தைத் திருப்பி நிற்பவன்மேல்தான் முதலில் போய் விழும்.