ஒரே நாயனம், மூன்று வித்துவான்கள்

பூவலூரில் மூன்று வித்துவான்கள் இருந்தார்கள். சிவன் கோயிலில் நாயனம் வாசிக்கும் அம்மையப்பன், மாதா கோயில் பேண்டில் டிரம்பெட் ஊதும் சவரிமுத்து, தர்காவில் தாயிரா என்ற தோல்வாத்தியம் தட்டிப் பாடும் இபுராகீம். மூவருமே சொன்ன சொல்லை மீறாதவர்கள். சிக்கலே அதில்தான் இருந்தது.

பக்கத்து ஊர் நூலகத்தின் ஆண்டுவிழாவில் மூவரும் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்று நூலகர் பூங்கோதை அழைத்தார். கச்சேரி கெட்டால் அடுத்த வருஷம் விழாவே கிடையாது என்று பேரூராட்சித் தலைவர் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"முன்கூட்டி எதையும் தயார் பண்ணிட்டு வராதீங்க. மேடையில அப்பப்போ தோணுறதை வாசிங்க. ஒருத்தர் கேள்வி கேக்குற மாதிரி வாசிச்சா, இன்னொருத்தர் பதில் சொல்லணும்," என்றார் பூங்கோதை. மூவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

விழா அன்று காலை, பாதி முகம் மழித்திருந்தபோது சவரிமுத்துவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சோப்பு நுரையோடு நண்பர்களிடம் ஓடினார்.

"அண்ணே, சவரம் பண்றது தயார் பண்றதுல சேருமா?"

"சேரும்," என்றார் அம்மையப்பன். "நானே நாயனத்துல ஊதுற சீவாளியை நனைக்காமத்தான் வச்சிருக்கேன்."

"நான் தாயிராவை வெயில்லயே காட்டல," என்றார் இபுராகீம். "தோல் தொளதொளன்னு கெடக்கு. என்ன பண்றது, சொல்லிட்டாங்களே."

இடது கன்னம் வழவழ, வலது கன்னம் சொரசொர என்று சவரிமுத்து மேடை ஏறினார்.

அம்மையப்பன் காய்ந்த சீவாளியில் தம் பிடித்து ஒரு சங்கதி ஊதி நிறுத்தினார். சவரிமுத்து டிரம்பெட்டை மடியில் வைத்துவிட்டு யோசித்தார்.

"கேள்வி புரியலண்ணே. இன்னொரு தடவை கேளுங்க."

அம்மையப்பன் மறுபடி ஊதினார்.

"முகூர்த்தம் எத்தனை மணிக்குன்னு கேக்குறார் போல," என்றார் இபுராகீம்.

"ஒன்பது மணிக்கு," என்றார் சவரிமுத்து.

முன்வரிசையில் தலைவரின் முகம் சுருங்கியது. பூங்கோதை மேடை ஓரமாக வந்து, "பதிலை வாத்தியத்துல சொல்லுங்கய்யா," என்று கெஞ்சினார். சவரிமுத்து டிரம்பெட்டில் வாயை வைத்து, அதற்குள், "ஒன்பது மணிக்கு," என்று சொன்னார்.

பூங்கோதைக்குக் கண் கலங்கிவிட்டது. "மூணு பேரும் சேர்ந்து ஏதாவது ஒண்ணை வாசிங்க, போதும்."

எந்த ஒன்றை? மூவரும் கூடிப் பேசினார்கள். நாயனம்தான் நீளம், எல்லாருக்கும் இடம் இருக்கும் என்று முடிவாயிற்று. அம்மையப்பன் ஊதினார். சவரிமுத்து குனிந்து துளைகளில் விரல் ஓட்டினார். அப்படியும் இடம் கிடைக்காத இபுராகீம், அம்மையப்பன் முதுகில் தாளம் தட்டினார்.

கோயில் ராகம் சவரிமுத்து விரலில் வழுக்கி, மாதா கோயில் ஊர்வலத்து நடையில் ஓடியது. முதுகில் விழுந்த ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு புதுக் கமகம் பிறந்தது. அப்படி ஒன்றை அந்த ஊர் கேட்டதே இல்லை. சனம் எழுந்து நின்று கைதட்டியது. பூங்கோதை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "இனிமே இவங்க மூணு பேர் இல்ல. ஒரே ஆள்."

சாயங்காலம் பஸ்ஸில் மூவரும் ஒரு டிக்கெட் கேட்டார்கள்.

"மூணு பேர் இருக்கீங்களே," என்றார் கண்டக்டர்.

"தலைவர் மைக்குலயே சொல்லிட்டார். நாங்க ஒரே ஆள்."

"அப்ப ஒருத்தர் உக்காருங்க. மிச்ச ரெண்டு பேரும் இறங்குங்க."

மூவருக்கும் அது நியாயமாகவே பட்டது. அம்மையப்பன் உட்கார்ந்துகொண்டார். மற்ற இருவரும் இறங்கி, பஸ் மறையும் வரை கையாட்டி வழியனுப்பினார்கள்.

அரை மணி நேரம் கழித்து சவரிமுத்து வீட்டுக்குப் போன் போட்டார்.

"புஷ்பம், நான் வந்து சேர்ந்துட்டேனா?"

"இன்னும் வரலையே," என்றார் மனைவி.

"பஸ் லேட்டு போல. வந்ததும் சோத்தைப் போட்டுடு. எனக்காகக் காத்திருக்காத."