சடைச்சி வளர்த்த செம்போத்து

ஓர் ஊரிலே, ஆற்றுக்கும் வயலுக்கும் நடுவிலே, சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். வரப்புகளில் நத்தை பொறுக்கி விற்பது அவள் பிழைப்பு. ஊரார் அவளை அரைப்பைத்தியம் என்பார்கள், "மற்ற அரை நன்றாகத்தானே இருக்கிறது!" என்று அவளும் சிரிப்பாள்.

ஒரு நாள் காலையிலே, தாழம்புதரின் அடியிலே ஒரு செம்போத்துக் குஞ்சு கிடந்தது. கறுத்த தோல், நரைத்த மயிர், உடம்பைவிடப் பெரிய வாய். உடனே தூக்கிக்கொண்டாளா? அதுதான் இல்லை. தாய் வந்துவிடும் என்று உச்சிப்பொழுதுவரை எட்ட உட்கார்ந்து பார்த்தாள். தாய் வரவில்லை, காக்கைகள்தாம் வந்தன. எழுந்து போய்ப் புதரைச் சுற்றிப் பார்த்தால், கீரி தின்றுவிட்டுப் போன தாயின் செந்நிற இறகுகள் சிதறிக் கிடந்தன. அதன் பிறகுதான் குஞ்சை முந்தானையில் ஏந்தி வந்தாள்.

வந்ததும் அக்கம்பக்கம் கூடிவிட்டது.

"பால் ஊற்றடி!" என்றாள் இடைச்சி.

"கஞ்சி கொடடி!" என்றாள் உழத்தி.

"தேன் தடவடி!" என்றாள் வேட்டுவச்சி.

"கன்றுக்குப் பால், உங்கள் பிள்ளைக்குக் கஞ்சி, கரடிக்குத் தேன்; இதைப் பெற்றவள் எதைக் கொடுத்திருப்பாளோ, அதையல்லவா நான் கொடுக்க வேண்டும்?" என்றாள் சடைச்சி. மற்றச் செம்போத்துகளைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தாள். பிறகு வெட்டுக்கிளி பிடித்தாள், புழு பிடித்தாள், நத்தையை உடைத்துச் சதையை நறுக்கினாள். குஞ்சு வாயைத் திறக்கும், இவள் ஓடுவாள். மறுபடி திறக்கும், மறுபடி ஓடுவாள்.

"உன்னை இனத்தோடு சேர்த்துவிட்டால்தானடி எனக்குச் சோறு இறங்கும்," என்று அதனிடமே சொல்வாள்.

இறகு முளைத்தது; பறக்க மட்டும் இன்னும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார், அரண்மனையில் சகுனம் சொல்லும் நிமித்திகர் வச்சிரவேலர்.

அந்த நாட்டு ராஜா சகுனம் பார்க்காமல் செருப்புக்கூடப் போட மாட்டார். செம்போத்து கண்ணில் பட்டால் எடுத்த காரியம் கைகூடும் என்பது அங்கே வழக்கம். அது என்றைக்குப் படும் என்று யாருக்குத் தெரியும்? "நாமே ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டால்?" என்று நினைத்தார் நிமித்திகர்.

"சாமி, இன்னும் பத்து நாள் பொறுங்கள், அது பறக்கட்டும்," என்று சடைச்சி காலில் விழுந்தாள்.

"போடி பைத்தியமே! பொற்கூண்டும் பால்சோறும் கசக்குமா அதற்கு?" என்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

முதல் நாள், ராஜா கூண்டுப் பறவையைப் பார்த்துவிட்டு வேட்டைக்குப் போனார், குழியில் விழுந்தார். "செம்போத்தைப் பார்த்திராவிட்டால் கால் ஒடிந்திருக்கும், மகாராஜா!" என்றார் நிமித்திகர். ஒரு பட்டுச் சால்வை கிடைத்தது.

இரண்டாம் நாள், படகில் போனார், படகு கவிழ்ந்தது. "பார்த்திராவிட்டால் உயிர் போயிருக்கும்!" இன்னொரு சால்வை.

மூன்றாம் நாள், விருந்துக்குப் போனார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். "பார்த்திராவிட்டால்..." என்று தொடங்கி, மூன்றாவது சால்வையும் வாங்கிவிட்டார். எப்படி இருக்கிறது பாருங்கள் சாமர்த்தியம்!

பறவையோ பால்சோற்றைத் தொடவில்லை. தலை தொங்கிவிட்டது. சடைச்சி மூன்று நாளும் வாசலுக்கு வந்தாள். இரண்டு நாள் காவலர் விரட்டினர். மூன்றாம் நாள் கவலையிலே கத்தித் தீர்த்தாள். வயிற்றுவலியோடு படுத்திருந்த ராஜாவே எழுந்து வந்துவிட்டார்.

"என்னம்மா இரைச்சல்?"

"மகாராஜா, செம்போத்து பால்சோறு தின்னாது; உங்கள் நல்ல சகுனம் பட்டினியால் சாகிறது!"

"அது என் பாக்கியமல்லவா? நிமித்திகர் கொண்டுவந்த சகுனம்."

"தானே வந்தால்தான் சாமி சகுனம், தூக்கிக்கொண்டு வந்தால் அது சுமை! நம் வீட்டு வாசலில் நாமே மாவால் பாதச்சுவடு வரைந்துவிட்டு, மகாலட்சுமி வந்துவிட்டாள் என்று சொல்லலாமா?"

ராஜா யோசித்தார். குழி நினைவுக்கு வந்தது, படகு நினைவுக்கு வந்தது, வயிறு தானாகவே நினைவூட்டியது. சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன.

"வச்சிரவேலரே! பறவையை இவளிடமே திருப்பிக் கொடும்; அது பறக்கும்வரை இரை தேடுவது உமது வேலை. பரிசாக வாங்கின பட்டுச் சால்வையிலேயே நத்தையைக் கட்டி வாரும்!"

பிறகென்ன? முழங்கால் சேற்றிலே நிமித்திகர் நத்தை பொறுக்கினார். பறவை வாயைத் திறக்கும், அவர் ஓடுவார். மறுபடி திறக்கும், மறுபடி ஓடுவார். "சாமி, அது காலி ஓடு!" என்று சடைச்சி வரப்பிலிருந்து திருத்துவாள். மூன்று சால்வையும் கந்தலாயின.

ஒரு நாள் செம்போத்து தத்தியது, தாவியது, பறந்தே போய்த் தாழம்புதருக்குள் மறைந்தது. உள்ளேயிருந்து ஒரு குரல் "ஊப் ஊப்" என்றது, இன்னொன்று பதில் சொன்னது, மூன்றாவதும் சேர்ந்துகொண்டது.

"இதில் எதடி உன் பிள்ளை?" என்று கேட்டார் நிமித்திகர், இடுப்பைப் பிடித்தபடி.

சடைச்சி காது கொடுத்துக் கேட்டாள். "தெரியவில்லை சாமி," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்தவர் பாக்கியத்தைக் கூண்டில் அடைத்தவர், அதற்கே இரை தேடி அலைவார். செம்போத்து புதர் சேர்ந்தது, சடைச்சி வீடு சேர்ந்தாள், கதையும் கரை சேர்ந்தது.